சாக்கடையைப் பற்றி நான்கு பக்கம்

காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் எழுதிய விண்ணப்பத்தை, கொடுப்பதற்கு முன்னால் நிலைக்கண்ணாடி எதிரே நின்று ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான்கு பக்கம். குளியலறைத் துளை வழியாகக் கழிவுநீர் எங்கள் வீட்டுக்குள் ஏறி வந்ததைப் பற்றியது. மூன்றாம் பத்தியில் அந்த நீரின் நிறத்தை விவரித்திருந்தேன். நான்காம் பத்தியில் அதன் நடையை. வாசிக்கும்போது இரண்டு இடங்களில் என் குரல் எனக்கே தழுதழுத்தது. ஐம்பத்து மூன்று வயது ஆள், அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், சாக்கடையைப் பற்றிய சொந்த உரைநடையில் மயங்கி நின்றேன். அந்தக் கடிதம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கடிதம் வரைவதுதான் இருபத்தெட்டு வருடமாக என் உத்தியோகம். நான் எழுதிய கடிதம் எதுவும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. பதிலும் வந்ததில்லை என்பதை நான் அவ்வளவாகக் கவனித்ததில்லை. இது போக, வார இதழ்களில் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதுண்டு. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாக ஒருவர் சொன்னார். அவர் அப்போது என்னிடம் விடுப்பு கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க வங்கியில் கடன் வாங்கியபோது, வீட்டுக் காப்பீடும் கூடவே வந்து சேர்ந்தது. முகவர் படிவத்தோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பினார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"சார், தீ, திருட்டு, மழை வெள்ளம் எல்லாம் இதுல வந்துரும். சாக்கடைத் தண்ணி பைப்புல எதுத்து வீட்டுக்குள்ள ஏறுச்சுன்னா மட்டும் வராது. அதுக்குத் தனியா ஒண்ணு சேர்க்கணும். சேத்துரவா?"

நான் சிரித்தேன். "நம்ம ஊரு மேட்டுப் பூமிங்க. குடிக்கிற தண்ணியே மேல ஏற மாட்டேங்குது, சாக்கடையா ஏறப்போகுது?"

அவரும் சிரித்தார். பாலிசி விற்கிறவர் எதற்கும் சிரிப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தை மறுநாள் அலுவலகத்தில் சொன்னேன். முடிதிருத்தும் கடையில் சொன்னேன். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிமுகமில்லாத ஆளிடமும் சொன்னேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே முகவரிடம் பேனாவை வாங்கி 'வேண்டாம்' என்று எழுதியது என் கைதான். ஆச்சரியக்குறி போட்டேனா என்று நினைவில்லை. போட்டிருப்பேன்.

அடுத்த மடத்தனம் கிரானைட். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர் இலுப்பூரில் வீடு கட்டி, முன்வாசல் முழுக்க முகம் தெரிகிற மாதிரிக் கருங்கல் பதித்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்த எனக்கு எங்கள் வாசலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நட்ட நடுவே ஒரு சிமெண்ட் மூடி. அதன் அடியில்தான் சேம்பர் இருந்தது. வீட்டுக் குழாய்கள் எல்லாம் வந்து விழுந்து, அங்கிருந்து தெருச் சாக்கடைக்குப் போகிற சின்னத் தொட்டி. அதற்கும் சேர்த்து மேலே கல் பதிக்கச் சொன்னேன்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "மூடி தெரியிற மாதிரி விட்டுருவோம் சார். நாளைக்கு அடைச்சுக்கிட்டா?"

"அடைச்சா அப்பப் பாத்துக்கலாம்."

"பாக்கலாம் சார். எங்கிட்டுன்னு பாப்பீங்க?"

பதிலாக இன்னொரு யோசனை சொன்னேன். மொட்டைமாடியின் மழைத் தண்ணீர் புதுக் கல்லின் மேல் கொட்டினால் கறை படியும். ஆகவே மாடிக் குழாயையும் பூமிக்கு அடியிலேயே கொண்டுபோய் அந்தச் சேம்பரில் இறக்கிவிடலாம். கூலிக்கு வந்தவர், செய்துவிட்டுப் போனார்.

என் மனைவி பின்னறையில் கல்யாண ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி போடுகிறாள். வருடக்கணக்காகக் கையால் போட்டுச் சேர்த்ததில், தானே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெசின் ஒன்று வாங்கினாள். தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவள், ஆகவே அது நாலு விரல் உயரப் பலகையின் மேல்தான் இருந்தது. கனமான சாமான், தூக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் அவளுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளும் பொருள் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் 'நம்மளுது' என்பாள். என் புத்தகங்களை மட்டும் 'அவரோடது' என்பாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, குளியலறைக்குள் யாரோ சொம்பை அமுக்கி மூழ்கடிப்பது போலக் 'கொளக், கொளக்' என்று சத்தம். அவள்தான் பாத்திரம் அலசுகிறாள் என்று நினைத்தேன். அவள் நான்தான் கால் கழுவுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒருவரை ஒருவர் நம்பியதால் பத்து நிமிடம் போயிற்று. அதற்குள் தண்ணீர் குளியலறைப் படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டது.

"ஏங்க! இங்கிட்டு வாங்க! மெசினைத் தூக்கணும்!"

"இந்தா வந்துட்டேன்!" என்றேன். சொன்னது உண்மை. போனது புத்தக அலமாரிக்கு.

கீழ்த்தட்டில் என் கலைக்களஞ்சியம் இருந்தது. தவணையில் வாங்கியது. ஐந்து தொகுதி. கூடவே மாநாட்டு மலர்கள், உலக வரலாறு, இலக்கண உரைகள். இவற்றில் பாதியை நான் பிரித்ததே இல்லை. ஆனால் தண்ணீர் வருகிறது என்றதும் அத்தனையையும் படித்து முடிக்கப் போகிறவன் போல எனக்கு ஒரு பதற்றம். அள்ளிக்கொண்டு மாடிப்படியில் ஏறினேன். நான்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, வாரீங்களா இல்லையா?"

"இந்தா!"

"ஒத்த ஆளாத் தூக்க முடியலங்க!"

கடைசியில் நான் போய் நின்றபோது, தை முகூர்த்தத்து ரவிக்கைகளையெல்லாம் அவள் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு துணிகூட நனையவில்லை. தண்ணீருக்குள் குத்துக்காலிட்டு, மெசினின் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் முங்கியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கையில் ஐந்தாம் தொகுதி இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "மோட்டார் தப்பிச்சிருச்சுக்கா. உள்ள இருக்க எலக்ட்ரானிக் போர்டுதான் போச்சு. புதுசு போடணும்" என்று ஒரு சீட்டில் விலையை எழுதிக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்து, எனக்குக் காட்டாமல் மணிபர்சில் வைத்துக்கொண்டாள். கந்தர்வக்கோட்டைப் பெண் வீடு ஒன்றுக்கு மட்டுமே பதினோரு ரவிக்கை. தை பிறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.

"கவலைப்படாத. இன்சூரன்ஸ் இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"இதையாவது பாருங்க" என்றாள்.

அப்படித்தான் அந்தக் கடிதம் பிறந்தது. கையால் தூக்காததைப் பேனாவால் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். 'இம்மாநகரம் வேண்டாமென ஒதுக்கிய அனைத்தும் ஒன்று திரண்டு, எமது குளியலறை வழியே நீதி கேட்டு எழுந்தன' என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர் அப்போது மாநகரமாகிவிட்டதா என்றுகூட யோசிக்கவில்லை. சொல் நன்றாக இருந்தது. தண்ணீரின் நடைக்கு யானையைப் போட்டு, அடித்து, முதலையைப் போட்டு, மறுபடி யானைக்கே வந்தேன்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வருவது போல, பிஸ்கட் பாக்கெட்டும் ஆப்பிளுமாக வந்து, கூடத்துத் தரையைப் பார்த்து "ம்ச்" கொட்டினார்கள். எல்லோருக்கும் என் மனைவி ஒரே பதிலைச் சொன்னாள்.

"மழைத் தண்ணிதான். வந்துச்சு, போயிருச்சு."

காரணம் எனக்குப் புரிந்தது. சாக்கடை வந்த வீடு என்று கந்தர்வக்கோட்டைக்குச் செய்தி போனால், பரணில் இருந்தாலும் சரி, வானத்தில் இருந்தாலும் சரி, அந்த ரவிக்கையை எந்தத் தாயும் மணமகளுக்குப் போட மாட்டாள். புரிந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையில் நான்கு பக்கம் இருந்தது.

"உண்மையில என்னன்னா..." என்று தொடங்குவேன்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்று டம்ளரைக் கையில் திணிப்பாள். அந்த வாரம் நான் குடித்த காப்பிக்குக் கணக்கில்லை.

நான்காம் நாள் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். நஷ்டத்தை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போகிறவர். அமைதியான மனிதர், ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்ப்பதற்கு என்ன இருந்தது? பினாயில், மஞ்சள் தண்ணீர், சாம்பிராணி என்று என் மனைவி கழுவியிருந்த கழுவலில் வீடு புதுமனை போல மின்னியது. வாசலில் கோலம் வேறு. சுவரில் ஒரு சாண் உயரக் கோடும், பின்னறையில் செத்த மெசினும்தான் மிச்சம். சர்வேயர் மெசினைக் குனிந்து பார்த்தார். அதில் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு என் மனைவியிடம் கேட்டார்.

"மழைத் தண்ணிங்களாம்மா?"

"ஆமாங்க. மழைத் தண்ணி."

அவர் எழுதக் குனிந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒரு சின்னத் திருத்தம்."

சர்வேயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நல்ல மழைதான சார்?" என்றார் மெதுவாக.

"மழை பெஞ்சுச்சு. ஆனா மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வந்தது ஊர்ச் சாக்கடை. பைப்பு வழியா எதுத்து ஏறுச்சு. முழு விவரமும் எழுதி வச்சிருக்கேன்."

நான்கு பக்கத்தையும் நீட்டினேன். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு வாசகனுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குள் ஒரு நிறைவு.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களா சார்?"

"ஒவ்வொரு பக்கத்துலயும்."

"ஒவ்வொரு பக்கத்துலயும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதுவரை எழுதியிருந்ததில் ஒரு வரியை அடித்தார். அடுப்படியில் ஒரு பாத்திரம் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. போடப்பட்ட சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

குளியலறையில் தண்ணீர் இன்னும் சரியாக இறங்கவில்லை. திருவரங்குளத்திலிருந்து பிளம்பரை வரவழைத்தேன். வந்தவர் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சேம்பர் எங்க சார்?"

"இங்கதான்" என்று தைரியமாக ஒரு கல்லைக் காட்டினேன். உடைத்தார். மண். "அப்ப இங்க" என்றேன். மண். மூன்றாவது கல்லும் உடைந்தபோது, அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "சார், வீடு உங்களுதுதானே?" என்றார்.

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். நேரே போய் ஒரு கல்லின் மேல் பெருவிரலை ஊன்றினாள். "இங்கிட்டு ஒடைங்கண்ணே. பதினஞ்சு வருசமா அந்த மூடியச் சுத்தித்தான் கோலம் போட்டேன். எனக்குத் தெரியாதா?"

உடைத்தார். அடியில் மூடி இருந்தது, கீறலோடு. மூடிக்கு அடியில் சேம்பர் நிரம்பி நின்றது. கிரானைட் பதித்தபோது அந்தக் கீறல் வழியாக உள்ளே வழிந்த சிமெண்ட் பால், வெளியே போகிற குழாயின் வாயில் கெட்டியாக உறைந்து கிடந்தது. மிஞ்சிய இடுக்கையும் குப்பை அடைத்திருந்தது. பிளம்பர் அதைத் தட்டி எடுத்து, குழாயில் நீளக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊர்ச் சாக்கடை ஏறுச்சுன்னீங்க? தெருப் பைப்புல தண்ணி சும்மா ஜோராப் போயிக்கிட்டிருக்கு. இது ஒங்க மாடித் தண்ணி சார். அம்புட்டு மழையும் இதுக்குள்ள வந்து எறங்கிருக்கு. வெளிய போக வழி இல்ல, வீட்டுக்குள்ள வந்துருச்சு. கூடக் கொஞ்சம் ஒங்க வீட்டுக் கழிவு, அம்புட்டுத்தான். மழைத் தண்ணிதான் சார் இது."

என் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடி ஒருவாறு தப்பித்திருப்பேன்.

சர்வேயருக்குப் போன் போட்டேன். வந்தது மழைத் தண்ணீர்தான் என்றும், சாக்கடை என்று நான் எழுதியது ஒரு தகவல் பிழை என்றும், திருத்தி ஏழு பக்கத்தில் புதுக் கடிதம் தயாராக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"ஏழு பக்கமா? வேணாம் சார்" என்றார் அவசரமாக. "எந்தத் தண்ணிங்கிறது இல்ல சார் பிரச்சனை. எந்த வழியா வந்துச்சுங்கிறதுதான். நான் வந்தப்ப வீடு கழுவி விட்டாச்சு. நான் பாத்து எழுதுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அம்மா சொன்னதத்தான் எழுத இருந்தேன். நீங்கதான் வந்த வழிய நாலு பக்கத்துக்கு விளக்கிட்டீங்க. அந்த வழிக்குத் தனியாச் சேக்கணும். ஒங்க படிவத்துல வேண்டாம்னு இருக்கு."

போனை வைப்பதற்கு முன்னால், "அதுவும் ஒங்க கையெழுத்துதான் சார்" என்றார்.

இரண்டு வாரத்தில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. மூன்றே வரி. 'தங்கள் கடிதத்தின் மூன்று மற்றும் நான்காம் பத்திகளில் தாங்களே தெளிவாக விவரித்துள்ளவாறு' என்று தொடங்கி, இழப்பீடு வழங்க இயலாது என்று முடிந்தது. என் கடிதத்தைப் பத்தி பத்தியாகப் படித்து ஓர் அலுவலகம் பதில் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "அப்ப போர்டு?" என்றாள். பிறகு போய்ப் பின்னறையில் உட்கார்ந்து, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பழையபடி கையாலேயே ஊசி போட ஆரம்பித்தாள். தைக்கு இன்னும் மூன்று வாரம். பதினோரு ரவிக்கையில் இரண்டுதான் முடிந்திருந்தது.

அலுவலகத்தில் சேமநிதியில் முன்பணம் கேட்டு எழுதினேன். இரண்டே வரி எழுதினேன், உடனே கிடைத்தது. அதிலிருந்தும் நான் பாடம் எதுவும் கற்றதாகத் தெரியவில்லை. போர்டுக்கு அதில் சில நூறு ரூபாய் குறைந்தது. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாடிக்குப் போய், அன்று நான்கு நடையில் ஏற்றியதையெல்லாம் நான்கு நடையில் கீழே இறக்கினேன். அவள் ஊசியை நிறுத்திப் பார்த்தாள்.

"அஞ்சாம் தொகுதியுமா?"

"அதுவுந்தான்."

"ஆட்டோக்காரரைப் பாத்து ஏத்தச் சொல்லுங்க. ஒங்களுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிரும்" என்றாள். அந்த ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கனிவாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

பழைய புத்தகக் கடையில் தொகுதிகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் இப்போது போனிலேயே வருகிறது என்று சொல்லி, பக்கத்துத் தெருவில் பழைய பேப்பர் கடைக்கு வழி காட்டினார்கள். அந்த வாரமே போர்டு வந்து, மெசின் ஓடி, கந்தர்வக்கோட்டை ரவிக்கைகள் தைக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன. நல்ல வேலை என்று பெண்ணின் தாயார் இன்னும் நாலு இடம் சொல்லிவிட்டாராம். இதில் என் கலைக்களஞ்சியத்தின் பங்கு என்ன என்று கேட்காதீர்கள். போர்டை முடுக்குகிற திருகாணிகளுக்குப் போதும்.

பேப்பர் கடையில் நடந்ததை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கடைக்காரர் என் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் தொகுதியைக் கையில் எடுத்ததும் புரட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"இந்த மழையில எங்கிட்டிருந்து புஸ்தகம் வந்தாலும் நனைஞ்சுதான் சார் வருது. ஒங்களுது மட்டும் எப்படி ஒரு சொட்டு ஈரம் இல்லாம இருக்கு?"

எனக்கு நெஞ்சு விம்மியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததையும், நான் ஒற்றை ஆளாக நான்கு நடை ஏறி இறங்கி இவற்றைக் காப்பாற்றியதையும் சொன்னேன். மெசினைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். தராசு முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விட்டிருக்கலாமே சார். கொஞ்சம் ஈரம் இருந்திருந்தா எடையாச்சும் கூட நின்னிருக்கும்."